உடைந்ததா? உடைத்தானா?

வேற்று மொழியில் கேட்டால் ஞாபகம் தடம் மாறும்!

பொய் சாட்சி சொன்னால் தண்டனை உண்டு. இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், தான் சொல்வது பொய் என்று சாட்சிக்கே தெரியாவிட்டால்?

அவர் நல்லவர். யாரிடமும் காசு வாங்கவில்லை. யாருக்கும் பயந்து பேசவில்லை. மனதில் இருப்பதைத்தான் சொல்கிறார். தலையில் அடித்துச் சத்தியம் செய்யவும் தயாராக இருக்கிறார். ஆனால், அவர் சொன்னது நடக்கவே இல்லை!

இப்படியும் உண்டா? உண்டு. இதற்கு மனோதத்துவ நிபுணர்கள் வைத்திருக்கும் பெயர், "பொய் ஞாபகம்".

பொய் வேறு, பொய் ஞாபகம் வேறு. பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரியும். தெரிந்தே மறைக்கிறான். பொய் ஞாபகம் உள்ளவரிடம் மறைப்பதற்கு எதுவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அதுதான் உண்மை.

இது பைத்தியமும் அல்ல, நோயும் அல்ல. படித்தவர், படிக்காதவர், பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் வருவது. தாய்மொழியில் பேசும்போதே வருவது.

அப்படியானால், அரைகுறையாகக் கற்ற இன்னொரு மொழியில் ஒருவரிடம் கேள்வி கேட்டு, அந்த மொழியிலேயே பதிலும் வாங்கினால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வி இன்று நம் வாசலுக்கே வந்து விட்டது. பிழைப்புக்காக மொழி தெரியாத ஊருக்குப் போகிறவர்கள் பெருகி விட்டார்கள். நம்மவர்கள் துபாய்க்கும், சிங்கப்பூருக்கும், கனடாவுக்கும் போகிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு மாநிலத்துக்காரர்கள் திருப்பூருக்கும், கோவைக்கும், சென்னைக்கும் வருகிறார்கள்.

ஒரு விபத்து நடக்கிறது. அல்லது ஒரு திருட்டு. பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த பாஷை ஒன்று. கேட்கப்படும் பாஷை வேறு. காலையில் ஒன்று சொல்கிறார். மாலையில் சற்று மாற்றிச் சொல்கிறார்.

"முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறான். பொய்யன்!" என்று ஒரே வரியில் முடிவு கட்டி விடுகிறோம்.

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டக் கூடாது. அவர் தடுமாறியதற்குக் காரணம், அவர் நாக்கில் இல்லாமல் நம் கேள்வியில் இருக்கலாம்!

ஞாபகம் என்பது போட்டோ அல்ல

நம்மில் பலர் ஞாபகத்தைப் போட்டோ என்று நினைக்கிறோம். ஒரு தடவை எடுத்தால் போதும்; பெட்டியில் கிடக்கும்; எப்போது எடுத்துப் பார்த்தாலும் அதே படம் என்று நம்புகிறோம்.

அது அப்படி அல்ல. ஞாபகம், வாசலில் போடும் கோலத்தைப் போன்றது. கேட்கும்போதெல்லாம் அதைப் புதிதாகப் போடுகிறோம். சில புள்ளிகள் மனதில் இருக்கின்றன. நடுவில் உள்ள கோடுகளை நாமே இழுத்துக் கொள்கிறோம்.

இதை முதன் முதலில் அழகாக எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் பிரடெரிக் பார்ட்லெட். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1932–ம் ஆண்டில், ஞாபகத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது.

அவர் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். அமெரிக்கப் பழங்குடி மக்களின் பழங்கதை ஒன்றை இங்கிலாந்துக்காரர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அதில் இரண்டு இளைஞர்கள், சீல் என்னும் கடல் பிராணியை வேட்டையாடப் போகிறார்கள். பேய்கள் வருகின்றன. சண்டை நடக்கிறது. பிறகு, அந்தக் கதையைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார்.

என்ன நடந்தது தெரியுமா? கதையில் வந்த "கனோ" என்ற அந்த நாட்டு ஓடம், வெறும் "படகு" ஆகிவிட்டது. சீல் வேட்டை, மீன் பிடிப்பாக மாறிவிட்டது. புரியாத இடங்கள் மறைந்தே போயின. கேட்டவர்கள் பொய் சொல்லவில்லை. தெரியாததை எல்லாம் தங்களுக்குத் தெரிந்ததாக மாற்றிக் கொண்டார்கள். மாற்றினோம் என்பது அவர்களுக்கே தெரியாது.

இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் சொந்த மொழியில் படித்த கதைக்கே இந்தக் கதி! பாதி வார்த்தைகள் மட்டும் புரிகிற மொழியில் ஒன்றைக் கேட்கிறவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். புரியாத பாதியை அவர் ஊகத்தால் நிரப்ப வேண்டியிருக்கிறது. நாளாக ஆக, கேட்டது எது, நிரப்பியது எது என்று பிரித்துச் சொல்வது சிரமம்.

ஒரு வார்த்தை செய்த வேலை

கேள்வியில் உள்ள ஒரே ஒரு வார்த்தை ஞாபகத்தை மாற்றுமா? மாற்றும் என்று காட்டியவர் எலிசபெத் லாப்டஸ் என்ற அமெரிக்கப் பெண் ஆராய்ச்சியாளர். அவரும் ஜான் பால்மரும் சேர்ந்து செய்த சோதனை 1974–ம் ஆண்டில் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

கார்கள் மோதிக் கொள்ளும் சினிமாத் துண்டுகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு, "கார்கள் என்ன வேகத்தில் போயின?" என்று கேட்டார்கள்.

கேள்வியில் ஒரு வார்த்தையை மட்டும் மாற்றினார்கள். சிலரிடம், "கார்கள் ஒன்றையொன்று தொட்டபோது" என்று கேட்டார்கள். சிலரிடம், "இடித்தபோது" என்றார்கள். இன்னும் சிலரிடம், "மோதி நொறுங்கியபோது" என்றார்கள்.

"தொட்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன வேகம், சராசரி மணிக்கு சுமார் 32 மைல். "இடித்தபோது" என்றால் 34 மைல். "நொறுங்கியபோது" என்றால் சுமார் 41 மைல்! படம் ஒன்றுதான். வார்த்தைதான் வேறு.

அதோடு விடவில்லை. இன்னொரு சோதனையில் 150 பேருக்குப் படம் காட்டினார்கள். 50 பேரிடம் "இடித்தபோது" என்று கேட்டார்கள். 50 பேரிடம் "நொறுங்கியபோது" என்று கேட்டார்கள். மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றியே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து எல்லோரையும் கூப்பிட்டு, "கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள்.

படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆனாலும், "நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர், "பார்த்தோம்" என்றார்கள். "இடித்தபோது" என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். வேகத்தைப் பற்றிக் கேட்கப்படாதவர்களில் 6 பேர்.

ஒரு வார்த்தை, இல்லாத கண்ணாடியை உடைத்து விட்டது!

இவர்கள் எல்லாம் அமெரிக்க மாணவர்கள். "தொட்டது" என்றால் என்ன, "நொறுங்கியது" என்றால் என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மொழியைப் புதிதாகக் கற்கிறவருக்கோ, இந்த வார்த்தைகளின் கனம் சரியாகத் தெரியாது. கேட்கிறவர் எந்த வார்த்தையைப் போட்டாரோ, அதையேதான் அவர் பதிலிலும் திருப்பிப் போடுவார். அவரிடம் வேறு வார்த்தை இல்லையே!

சொந்தபந்தமும் வாடகை வீடும்

இன்னொரு சோதனை இருக்கிறது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இந்த வார்த்தைகளை ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்: படுக்கை, ஓய்வு, களைப்பு, கனவு, போர்வை, குறட்டை, கொட்டாவி, விழிப்பு. சற்று நேரம் கழித்து, "ஞாபகம் உள்ளதைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பலர், "தூக்கம்" என்ற வார்த்தையையும் சேர்த்துச் சொல்வார்கள். நீங்கள் அதைப் படிக்கவே இல்லை!

இந்த முறையை 1959–ம் ஆண்டில் ஜேம்ஸ் டீஸ் என்பவர் தொடங்கி வைத்தார். 1995–ம் ஆண்டில் ஹென்றி ரோடிகர், காத்லீன் மெக்டெர்மட் ஆகிய இருவரும் அதை விரிவாக்கினார்கள். அவர்களுடைய ஒரு சோதனையில், சொல்லப்படாத அந்த வார்த்தை 100–க்கு 55 தடவை ஞாபகத்தில் வந்து நின்றது.

காரணம் என்ன? தாய்மொழியில் வார்த்தைகள் சொந்தபந்தம் போல இருக்கின்றன. ஒருவரைக் கூப்பிட்டால் உறவினர் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். "படுக்கை" என்றதும் "தூக்கம்" ஓடி வருகிறது.

புதிதாகக் கற்ற மொழியில் அப்படி இல்லை. அங்கே வார்த்தைகள் ஒரே காம்பவுண்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், ஒருவருக்கொருவர் நெருங்கிய பழக்கம் இல்லை. ஆகவே, இந்த வகைப் பொய் ஞாபகம் இரண்டாவது மொழியில் குறைவாக வருவதாகப் பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. மொழி நன்றாகப் பழகப் பழக, பொய் ஞாபகமும் கூடுகிறது!

சிகாகோ பல்கலைக்கழகத்திலும் இதை ஆராய்ந்தார்கள். தாய்மொழி சீனம், கற்ற மொழி ஆங்கிலம் என்று உள்ளவர்களைச் சோதித்தார்கள். வார்த்தைப் பட்டியல் சோதனை மட்டும் அல்ல. படம் காட்டிவிட்டு, அதைப் பற்றிய விவரத்தில் சில தவறான செய்திகளைக் கலந்து கொடுத்தும் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் கேட்டபோது, அவர்கள் அந்தத் தவறுகளில் சிக்கியது குறைவு. வேற்று மொழி என்றதும் மனம் எச்சரிக்கையாகி, "இது நிஜமாகப் பார்த்ததுதானா?" என்று சரி பார்க்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் கூறும் விளக்கம்.

எல்லா ஆராய்ச்சிகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாகிறது. வேற்று மொழியில் பேசுகிறவர் என்பதற்காகவே ஒருவரின் ஞாபகம் மட்டமானது என்று ஒதுக்கி விட முடியாது. தட்டுத் தடுமாறிப் பேசுகிறவரின் ஞாபகம், சரளமாகப் பேசுகிறவரின் ஞாபகத்தை விடச் சுத்தமாகவும் இருக்கலாம்!

"அப்படியானால் கவலை எதற்கு?" என்று கேட்பீர்கள்.

சோதனைச் சாலை வேறு. போலீஸ் நிலையம் வேறு. சோதனைச் சாலையில் மின்விசிறி ஓடுகிறது. அவசரம் இல்லை. மிரட்டல் இல்லை. மெதுவாக யோசித்துச் சரி பார்க்க நேரம் இருக்கிறது. விசாரணையில் அந்த நேரத்தைக் கொடுக்கிறோமா?

மொழி ஒரு சாவி

ஞாபகத்துக்கு மொழி ஒரு சாவி போன்றது. எந்த மொழியில் ஒன்று நடந்ததோ, அந்த மொழியில் கேட்டால்தான் கதவு நன்றாகத் திறக்கிறது.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வியோரிகா மரியன், உல்ரிக் நைசர் ஆகிய இருவரும் இதை ஆராய்ந்து 2000–ம் ஆண்டில் வெளியிட்டார்கள். சிறு வயதில் ரஷிய மொழி பேசி வளர்ந்து, பிறகு அமெரிக்காவில் குடியேறிய மாணவர்களைக் கூப்பிட்டார்கள். "பிறந்த நாள்" என்பது போன்ற ஒரு வார்த்தையைச் சொல்லி, அதைக் கேட்டதும் நினைவுக்கு வரும் சம்பவத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

ரஷிய மொழியில் கேட்டபோது, ரஷிய மொழி பேசிய காலத்துச் சம்பவங்கள் அதிகமாக வந்தன. ஆங்கிலத்தில் கேட்டபோது, ஆங்கிலம் பேசிய காலத்துச் சம்பவங்கள் அதிகமாக வந்தன. ஆள் ஒருவர்தான், மனம் ஒன்றுதான்!

2007–ம் ஆண்டில் மரியனும் இன்னொரு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, சீன மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "கையை உயர்த்தியபடி தூரத்தைப் பார்க்கும் சிலை ஒன்றைச் சொல்லுங்கள்" என்பது கேள்வி. ஆங்கிலத்தில் கேட்டால், அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலை என்ற பதில் அதிகம் வந்தது. சீன மொழியில் கேட்டால், மாவோ சிலை என்ற பதில் அதிகம் வந்தது.

இதைப் படித்த பிறகு யோசியுங்கள். ஒருவரைக் காலையில் தாய்மொழி தெரிந்த ஏட்டு விசாரிக்கிறார். மாலையில் வேறு மொழியில் அதிகாரி விசாரிக்கிறார். இரண்டு பதில்களும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

"உடைந்தது" என்றால் "உடைத்தான்" ஆகுமா?

தமிழில் "கண்ணாடி உடைந்தது" என்கிறோம். "கண்ணாடியை உடைத்தான்" என்றும் சொல்கிறோம். நம் வீட்டுச் சிறுவனுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். டம்ளரைக் கீழே போட்டு விட்டு, "உடைஞ்சு போச்சும்மா" என்றுதான் சொல்வான். "உடைச்சிட்டேன்" என்று சொல்ல மாட்டான்!

ஸ்பானிய மொழியிலும் கிட்டத்தட்ட இப்படித்தான். தற்செயலாக நடந்தால், "பூச்சாடி உடைந்து விட்டது" என்கிற மாதிரி சொல்வார்கள். ஆங்கிலத்தில், தற்செயலாக நடந்தாலும், "அவள் பூச்சாடியை உடைத்தாள்" என்று ஆளைச் சொல்லும் வழக்கம் அதிகம்.

இது ஞாபகத்தையும் தொடுகிறது. கெய்ட்லின் பாசி, லெரா போரோடிட்ஸ்கி ஆகிய இருவரும் 2011–ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பலூன் உடைவது போன்ற சிறு சம்பவங்களைப் படம் பிடித்துக் காட்டினார்கள். வேண்டும் என்றே செய்தவரை இரு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி ஞாபகம் வைத்திருந்தார்கள். தற்செயலாகச் செய்தவர் யார் என்பதை மட்டும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தார்கள்.

இதனால் என்ன வந்து விடப் போகிறது என்று கேட்காதீர்கள். ஒரு மனிதனின் தலையெழுத்தே மாறலாம்.

லூனா பிலிப்போவிச் என்ற மொழி ஆராய்ச்சியாளர், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலப் போலீஸ் விசாரணைப் பதிவுகளைப் படித்துப் பார்த்தார். ஸ்பானிய மொழி பேசும் ஒருவர், ஒரு பெண் மாடிப்படியில் விழுந்ததைப் பற்றிச் சொல்கிறார். அவர் சொன்ன ஸ்பானியச் சொற்றொடருக்கு, "என் கையிலிருந்து நழுவி விழுந்து விட்டாள்" என்பது போன்ற பொருள். அதில் வேண்டும் என்று செய்த அர்த்தம் இல்லை. ஆங்கிலத்தில் அது, "நீ அவளைக் கீழே போட்டபோது" என்பது போலத் திரும்பி வந்தது!

"விழுந்தாள்" எங்கே, "போட்டாய்" எங்கே? முன்னது விபத்து. பின்னது குற்றம்.

நம் "ஆம்" எங்கே போயிற்று?

தமிழில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. "திருடன் ஓடினான்" என்றால், சொல்கிறவர் பார்த்திருக்கிறார் என்று எடுத்துக் கொள்வோம். "திருடன் ஓடினானாம்" என்றால், யாரோ சொல்லக் கேட்டது. ஒரே ஒரு "ஆம்", பார்த்ததையும் கேட்டதையும் பிரித்து வைத்து விடுகிறது.

ஆங்கிலத்தில் இப்படி ஒட்டிக் கொள்ளும் சின்னஞ்சிறு சொல் இல்லை. "யாரோ சொன்னார்கள்" என்று தனியாகச் சேர்க்க வேண்டும். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர் அவசரத்தில் அதை விட்டு விடுவார். மொழிபெயர்ப்பவரும் விட்டு விடலாம். அப்போது, கேள்விப்பட்ட செய்தி கண்ணால் கண்ட சாட்சியாகி விடும்!

நம் நாட்டில் இது வெறும் பேச்சு அல்ல. தமிழ்நாட்டில் கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. சென்னை ஐகோர்ட்டில் வழக்கு மொழி ஆங்கிலம். அப்பீலுக்குப் போகும்போது, தமிழில் சொன்னது ஆங்கில உடை போட்டுக் கொள்கிறது. வழியில் ஒரு "ஆம்" உதிர்ந்தாலும் அர்த்தம் மாறி விடும்.

"யெஸ் சார்! யெஸ் சார்!"

மொழி தெரியாதவருக்குத் தெரிந்த முதல் வார்த்தை எது? "ஆமாம்" என்பதுதான்.

கேள்வி புரியாவிட்டால், "புரியவில்லை" என்று சொல்லக் கூச்சம். எதிரே நிற்பவர் அதிகாரி என்றால் பயம். தலையை ஆட்டி விட்டால் விட்டு விடுவார்கள் என்ற நினைப்பு. "அவன் சிவப்புச் சட்டைதானே போட்டிருந்தான்?" "ஆமாம் சார்!" "கையில் கத்தி இருந்ததுதானே?" "ஆமாம் சார்!"

முதலில் அது வெறும் தலையாட்டல். மறுநாள் மீண்டும் அதே கேள்வி. அதற்கும் மறுநாள் மீண்டும். நாளடைவில் அந்தக் கத்தி அவர் மனக் கண்ணிலேயே மின்னத் தொடங்கலாம்! கேள்வி, ஞாபகமாக மாறும் வழி இதுதான்.

ஆஸ்திரேலியாவில் இதை ஒரு நீதிபதியே கவனித்தார். அந்த நாட்டுப் பழங்குடி மக்கள் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. அதிகாரிகள் எது கேட்டாலும் மரியாதைக்காக "ஆமாம்" என்று சொல்லி விடுவது அவர்களில் பலரிடம் உள்ள பழக்கம். 1976–ம் ஆண்டில், வடக்குப் பிரதேச சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பார்ஸ்டர் போலீசாருக்குச் சில விதிகளை வகுத்தார். "அனுங்கா விதிகள்" என்று அவற்றுக்குப் பெயர்.

ஆங்கிலம் சரளமாகத் தெரியாதவரை விசாரிக்கும்போது மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். அவருக்கு நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். என்ன பதில் வேண்டும் என்பதைக் கேள்வியே காட்டிக் கொடுத்து விடக் கூடாது. இவை அந்த விதிகளில் சில.

அங்கே 1976–ம் ஆண்டிலேயே புரிந்து கொண்டதை, இங்கே நாம் எப்போது புரிந்து கொள்ளப் போகிறோம்?

சட்டத்தில் வழி இருக்கிறது

நம் சட்டம் இதை அறியாத சட்டம் அல்ல. விடையையே உள்ளே வைத்துக் கேட்கும் கேள்விக்கு, எதிர்த் தரப்பு ஆட்சேபித்தால் முதல் விசாரணையில் பொதுவாக இடம் இல்லை. 1872–ம் ஆண்டு சாட்சியச் சட்டம் அப்படிச் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2023–ம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது. ஆனால், குறுக்கு விசாரணையில் அப்படிக் கேட்கலாம்.

கோர்ட்டு மொழி தெரியாத சாட்சி வந்தால், முடிந்தவரை அவர் பேசும் மொழியிலேயே சாட்சியத்தை எழுதலாம். முடியாவிட்டால் சரியான மொழிபெயர்ப்பைத் தயாரித்துச் சேர்க்க வேண்டும். இதையும் சட்டம் சொல்கிறது.

சட்டம் கோர்ட்டில் இருக்கிறது. ஆனால், ஞாபகம் கெடுவது அதற்கு முன்னால் தொடங்கி விடுகிறது. சம்பவம் நடந்த தெருவில், போலீஸ் நிலைய வராந்தாவில், கம்பெனி மேஸ்திரியின் அறையில் தொடங்கி விடுகிறது. கோர்ட்டுக்கு வரும்போது, கோலம் வேறு மாதிரி போடப்பட்டு முடிந்திருக்கும்.

ஆகவே, முதல் விசாரணையிலேயே 4 காரியங்கள் செய்ய வேண்டும்.

முதலாவது, தாய்மொழியில் கேளுங்கள். வடநாட்டுக்காரர் என்றால் எல்லோருக்கும் இந்தி தாய்மொழி என்று நினைக்கக் கூடாது. பீகாரிலிருந்து வருகிறவரின் வீட்டு மொழி மைதிலியாக இருக்கலாம். ஜார்க்கண்டுக்காரரின் மொழி சந்தாலியாக இருக்கலாம். 2003–ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் அரசியல் சட்டத்தின் 8–வது அட்டவணையில் இடம் பெற்ற மொழிகள் இவை. அவருக்கு இந்தியே இரண்டாவது மொழி. தமிழ் மூன்றாவது!

இரண்டாவது, "என்ன நடந்தது? சொல்லுங்கள்" என்று கேட்டு விட்டுக் காதைக் கொடுங்கள். அவரே சொல்லி முடிக்கட்டும். "கத்தி இருந்ததா?" என்று நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே பதிவு செய்யுங்கள். இன்று எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. குரலைப் பதிவு செய்து வைத்தால், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வரும்போது திரும்பக் கேட்டுப் பார்க்கலாம்.

நான்காவது, நேரம் கொடுங்கள். "புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லலாம், அதில் தப்பு இல்லை" என்று முதலிலேயே சொல்லி விடுங்கள்.

"இப்படி எல்லாம் இடம் கொடுத்தால், திருடன்கூட மொழி தெரியவில்லை என்று தப்பித்து விடுவானே?" என்று சிலர் கேட்கலாம்.

தப்ப முடியாது. தாய்மொழியில் கேட்டு, குரலையும் பதிவு செய்து விட்டால், பொய்யனுக்குத்தான் கஷ்டம். "நான் அப்படிச் சொல்லவில்லை, தப்பாக எழுதிக் கொண்டார்கள்" என்று பிறகு அவன் சொல்ல முடியாது. இந்த முறை நிரபராதியைக் காப்பாற்றும். குற்றவாளியையும் காட்டிக் கொடுக்கும்.

வீட்டிலும் கவனம் வேண்டும்

இது போலீசுக்கும் கோர்ட்டுக்கும் மட்டும் உரிய விஷயம் அல்ல.

இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கும் குழந்தை அழுது கொண்டே வீட்டுக்கு வருகிறது. "அந்தப் பையன் அடித்தானா? டீச்சர் திட்டினாரா?" என்று தாய் பதறிப்போய்க் கேட்கிறாள். பள்ளியில் நடந்தது ஒரு மொழியில். வீட்டில் கேட்பது இன்னொரு மொழியில். குழந்தை தலையை ஆட்டி விடும். பிறகு அதையே நம்பவும் ஆரம்பித்து விடும். "என்னம்மா நடந்தது?" என்று மட்டும் கேட்டு விட்டு, மடியில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். அது தன் மொழியில், தன் வேகத்தில் சொல்லட்டும்.

வெளிநாட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஏதாவது விபத்தோ தகராறோ நடந்தால், நடந்ததை முதலில் தமிழில் ஒரு தாளில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு வைத்துக் கொள்ளுங்கள். எழுத வராதவர்கள் செல்போனில் தமிழில் பேசிப் பதிவு செய்யலாம். யாரும் கேள்வி கேட்பதற்கு முன்னால் இதைச் செய்து விடுங்கள். விசாரணையில், "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். தெரிந்த நாலு வார்த்தை இங்கிலீசை வைத்துக் கொண்டு சமாளிக்கப் பார்க்காதீர்கள். கடையில் சாமான் வாங்க அது போதும். சாட்சி சொல்லப் போதாது.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். தீர விசாரிப்பது என்றால், அதட்டி விசாரிப்பது அல்ல. பத்துத் தடவை விசாரிப்பதும் அல்ல. அவருக்குப் புரிகிற மொழியில், பதிலை நாம் எடுத்துக் கொடுக்காமல் விசாரிப்பது.

நம் ஊர்ப் பிள்ளை கடல் கடந்த நாட்டில், தெரியாத மொழியில், திருதிருவென்று விழித்துக் கொண்டு நிற்கும்போது, அவனை எப்படி விசாரிக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அப்படியே நம் ஊருக்கு வந்த பிள்ளையையும் விசாரிப்போம்.